ஒரே துண்டு, ஒன்பது பெயர்: உழைப்பவர் தலையணிகளின் வட்டாரச் சொற்களைத் தொகுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் வயலுக்குப் போகிறவர் தோளில் கிடக்கும்போது அதன் பெயர் துண்டு. வெயில் ஏறியதும் தலையைச் சுற்றிக்கொண்டு முண்டாசு ஆகிறது. நெற்கட்டைத் தூக்கும் நேரம் வந்தால் அதே துணி முறுக்கிச் சுருண்டு உச்சந்தலையில் வட்டமாக உட்காருகிறது. இப்போது அது சும்மாடு. கரையேறிக் கைகால் கழுவி முகம் துடைத்ததும் மறுபடி துண்டு. துணி ஒன்றுதான். அது செய்யும் வேலைக்கு ஏற்பப் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது.

நான் டெல்டாக்காரன். எங்கள் ஊரில் அறுவடை இயந்திரம் வந்த பிறகு கட்டுத் தூக்குகிறவர்கள் குறைந்தார்கள். கட்டுத் தூக்குகிறவர்கள் குறைந்ததும் சும்மாடு கோலுகிற, அதாவது வளைத்துச் செய்கிற, கை குறைந்தது. கை ஓய்ந்த சில ஆண்டுகளில் சொல்லும் வாயிலிருந்து நழுவத் தொடங்கியது. என் அக்காள் மகள் கல்லூரிப் படிப்பை முடித்தவள். சும்மாடு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். அன்றைக்குத்தான் ஒரு நோட்டு வாங்கினேன். அந்த நோட்டில் நான் செய்த தவறுகள், கற்றுக்கொண்ட முறைகள் ஆகியவற்றை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உங்கள் ஊரில் இதைச் செய்ய மொழியியல் பட்டம் தேவையில்லை. காதும் பொறுமையும் ஒரு பழைய சாக்கும் போதும்.

முதல் படி: பொருளைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள்

"தலைப்பாகைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்டால் எல்லா ஊரிலும் "தலைப்பாதான்" என்ற பதிலே வரும். கேள்வியிலேயே விடையைக் கொடுத்துவிடுகிறோம். என் நோட்டின் முதல் பதினைந்து பக்கங்கள் இப்படித்தான் வீணாயின.

தலை என்ன வேலை செய்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெயிலையும் வியர்வையையும் தாங்குவது ஒன்று. சுமையைத் தாங்குவது இரண்டு. மழையைத் தாங்குவது மூன்று. தூசியும் சுணையும் தலைமுடியில் இறங்காமல் காப்பது நான்கு; கதிரடிப்பு, வைக்கோல் போர் போடுவது, பருத்தி எடுப்பது, செங்கல் சூளை வேலை எல்லாம் இதில் அடங்கும். இந்த நான்குக்கும் தனித்தனியே பெயர் இருக்கிறதா, ஒரே பெயர் இரண்டுக்கு வருகிறதா என்பதே நீங்கள் தேடும் செய்தி.

சடங்குத் தலையணியைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். கோயிலில் கட்டும் பரிவட்டம் உழைப்புச் சொல் ஆகாது. ஆனால் இந்த எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். கொங்கு நாட்டில் காட்டு வேலைக்குத் தலையில் கட்டுவதும் உருமால்தான்; கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முறைப்படி கட்டிவிடுவதும் உருமால்தான். ஒரு சொல் காட்டிலிருந்து மணவறைக்குப் போயிருக்கிறதா, மணவறையிலிருந்து காட்டுக்கு வந்திருக்கிறதா என்பது தனி ஆராய்ச்சி. இரண்டு பயன்பாட்டையும் எழுதி வைத்தால் உங்கள் கடமை முடிந்தது.

இரண்டாம் படி: வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் அகராதியைப் பாருங்கள்

அகராதியைப் பார்த்துவிட்டுப் போனால் காதில் விழும் சொல் புதியதா, முன்பே பதிவானதா என்று உடனே தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது; இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 1862இல் வந்த வின்சுலோ அகராதியும் அப்படியே. இலங்கைத் தமிழ்ச் சொற்களுக்கு 1842இல் வெளியான யாழ்ப்பாண அகராதியிலிருந்து தொடங்கலாம். அதைத்தான் மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள்.

வட்டார அகராதிகள் இன்னும் நெருக்கமானவை. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதி தந்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும், கண்மணி குணசேகரன் கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாட்டுக்கும் தந்திருக்கிறார்கள். மூவரும் அந்தந்த மண்ணில் வளர்ந்த எழுத்தாளர்கள். சொல்லைச் சொல்லுகிறவரின் வாயோடு சேர்த்துக் கேட்டவர்கள். அவர்கள் சேர்த்தவற்றைப் படித்தால் எப்படிப் பொருள் எழுத வேண்டும் என்ற பயிற்சியும் கிடைக்கும்.

படித்துவிட்டு ஒரு அடிப்படைப் பட்டியல் போடுங்கள்: தலைப்பாகை, பாகை, முண்டாசு, உருமால், தலைத்துண்டு, தலைக்கட்டு, சும்மாடு, கொங்காணி, கொங்காடை, முக்காடு, முட்டாக்கு, குல்லா, தொப்பி. பட்டியல் உங்கள் பையில் இருக்கட்டும். பேசுகிறவர் முன் எடுத்து வாசிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: பையில் துணியையும் சாக்கையும் எடுத்துச் செல்லுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. ஒரு நீளத் துண்டு, ஒரு பழைய பருத்திப் புடவை, ஒரு சணல் சாக்கு, ஒரு யூரியா சாக்கு, முடிந்தால் ஒரு பிடி வைக்கோல். இவற்றைத் திண்ணையில் வைத்துவிட்டு, "இதை வைத்து நீங்கள் வேலைக்குப் போகும்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். கை துணியைத் தொட்டதும் வாய் தானாகத் திறக்கும். பத்து நிமிடம் யோசித்தும் வராத சொல், துண்டை உதறி ஒரு முனையைப் பிடித்த நொடியில் வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சும்மாடு எப்படி உருவாகிறது என்பதைக் கவனித்து எழுதுங்கள். துண்டை நீளவாக்கில் முறுக்கிப் புரியாக்கி, கைவிரல்களைச் சுற்றி வளையமாக்கி, கடைசி முனையை உள்ளே செருகுவது ஒரு வகை. முறுக்காமல் தளர்வாகச் சுருட்டித் தலையில் வைத்து, பானையின் அடியைக் கொண்டே அழுத்தி இருத்துவது இன்னொரு வகை. வைக்கோலைப் புரியாகத் திரித்து வளைத்தும் செய்வார்கள். தண்ணீர்க் குடத்துக்கு நடுவில் குழிவு வேண்டும். நெற்கட்டுக்கும் விறகுக்கும் பரப்பு வேண்டும். இந்த வேறுபாட்டுக்கு உங்கள் ஊரில் தனிச்சொல் இருக்கலாம். கேட்காமல் வராது.

மழைக்குச் சாக்கு மடிக்கிற வித்தையையும் செய்து காட்டச் சொல்லுங்கள். சாக்கின் தைத்த அடிப்பக்கத்தில் இரண்டு மூலைகள் இருக்கும். ஒரு மூலையை உள்ளே தள்ளி மற்ற மூலைக்குள் பொருத்தினால் கூம்பு போல ஒரு தலைப்பகுதி வரும். அதைத் தலையில் மாட்டினால் மீதிச் சாக்கு முதுகை மூடிக்கொண்டு தொங்கும். கையில் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு கையும் நாற்றுக்கும் களைக்கும் கிடைக்கும். குடை பிடித்துக்கொண்டு யாரும் நடவு நட முடியாது. இந்த மடிப்பைத்தான் எங்கள் பக்கம் கொங்காணி என்கிறோம். சணல் சாக்கு நனைந்தால் கனக்கும், ஆனால் முதுகில் சூடு தங்கும். யூரியா சாக்கில் தண்ணீர் இறங்காது, ஆனால் மழை விழுகிற சத்தம் காதை அடைத்துவிடும். இந்த ஒப்பீடு எனக்கு ஐப்பசி மழையில் களையெடுத்த பெண்கள் சொன்னது. பொருளோடு இந்த அனுபவத்தையும் சேர்த்து எழுதினால்தான் பிற்காலத்தில் படிக்கிறவருக்குச் சொல்லின் உடம்பு தெரியும்.

நான்காம் படி: யாரைக் கேட்பது

தலையணி என்றதும் ஆண்களைத்தான் தேடிப் போகிறோம். தவறு. தமிழ்நாட்டில் தலையில் அதிகம் சுமந்தவர்கள் பெண்கள். தண்ணீர்க் குடம், விறகு, புல்லுக்கட்டு, நாற்று முடி, எருக்கூடை, கஞ்சிக் கலயம் எல்லாம் அவர்கள் தலையில்தான் போயின. சும்மாடு பற்றி ஆணிடம் கேட்டால் ஒரு சொல் கிடைக்கும். பெண்ணிடம் கேட்டால் ஐந்து கிடைக்கும்.

வயலோடு நின்றுவிடாதீர்கள். கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாள்கள் இன்றைக்கும் தினமும் சும்மாடு வைக்கிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் உப்புக்கூடை சுமப்பவர்கள், கன்னியாகுமரிக் கடற்கரையில் கடவப் பெட்டி சுமந்து மீன் விற்கும் பெண்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், செங்கல் சூளையில் கல் சுமப்பவர்கள் என்று ஒவ்வொரு தொழிலும் ஒரு சொற்கிடங்கு. ஒரே ஊரில் இரண்டு தொழிலுக்கு இரண்டு சொல் இருந்தால் அது வட்டார வேறுபாடு ஆகாது, தொழில் வேறுபாடு. இதை மறந்தால் பிறகு போடும் வரைபடம் முழுக்கப் பிழையாகிவிடும்.

வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களிடம் பிறந்த ஊர்ச் சொல்லையும் புகுந்த ஊர்ச் சொல்லையும் தனித்தனியே கேளுங்கள். "இங்கே வந்த புதிதில் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள்" என்று ஒருவர் சொன்னால் உங்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வட்டார எல்லை ஒன்று அங்கே ஓடுகிறது.

நடவு, அறுப்பு நாட்களில் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். கூலி வேலைக்காரரின் அரை மணி நேரம் அவருடைய பணம். மாலையில், வேலை இல்லாத மாதங்களில், அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். கைபேசியில் பதிவு செய்வதென்றால் முதலிலேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் நோட்டு போதும்.

ஐந்தாம் படி: தலையில் கட்ட யாருக்கு உரிமை இருந்தது என்பதையும் கேளுங்கள்

இதை ஒதுக்கிவிட்டுச் சொல் மட்டும் சேர்ப்பது அரைகுறை வேலை. தலையில் துணி கட்டுவதும் தோளில் துண்டு போடுவதும் பல ஊர்களில் சாதியோடு பிணைந்திருந்தன. நிலம் வைத்திருந்தவர் முன்னால் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த உழைப்பாளி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். வெயிலுக்குக் கட்டிய துணியை, ஒரு மனிதர் எதிரே வந்தார் என்பதற்காக வெயிலில் நின்றே அவிழ்க்க வேண்டும். அந்தச் செயலுக்கும் ஊருக்கு ஊர் சொற்கள் உண்டு. அவிழ்ப்பது, எடுப்பது, இடுக்குவது, இடுப்பில் கட்டிக்கொள்வது என்ற வினைகளுக்குள் எத்தனை அவமானம் அடங்கியிருக்கிறது என்பதை அனுபவித்த பெரியவர்கள் சொல்லும்போதுதான் புரியும்.

நேரடியாக முதல் நாளே கேட்காதீர்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன். பேசிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு, பெயரும் ஊரும் இல்லாமல் எழுதினேன். இப்படிப்பட்ட செய்திகளில் சொல்லுகிறவரின் பாதுகாப்பே முதலில் வரும். ஒரு சொல் நம் பட்டியலில் விடுபட்டால் பரவாயில்லை.

ஆறாம் படி: வினையைப் பிடியுங்கள்

பெயர்ச்சொல்லை மட்டும் எழுதிவிட்டு வருவது பெரும்பாலோர் செய்யும் தவறு. தலையணிச் சொற்களில் உயிர் வினையில் இருக்கிறது. முண்டாசு கட்டுவார்கள். துண்டைத் தலையில் சுற்றுவார்கள். சும்மாட்டைக் கோலுவார்கள் அல்லது கூட்டுவார்கள். முக்காடு போடுவார்கள். கொங்காணியும் போடுவதுதான். ஒரு ஊரில் சும்மாடு கூட்டுகிறார்கள், அடுத்த ஊரில் கோலுகிறார்கள் என்றால் பெயர் ஒன்றாக இருந்தும் வழக்கு வேறு. இந்த நுணுக்கம் பல அகராதிகளில் விடுபட்டிருக்கிறது, நீங்கள் சேர்க்கலாம்.

ஒலியையும் கேட்டபடியே எழுதுங்கள். சும்மாடு சில வாய்களில் சிம்மாடு ஆகும். உருமால் கடைசி எழுத்தை இழந்து உருமா ஆகும். தலைப்பாகை தலப்பா ஆகும். இவற்றைத் திருத்தி எழுதி "சரியான வடிவம்" தருவது நம் வேலை இல்லை. திண்டுக்கல்லில் 1957இல் பிரியாணிக் கடை தொடங்கிய நாகசாமி நாயுடு எப்போதும் தலைப்பாகையோடு இருந்ததால் மக்கள் அந்தக் கடையைத் தலப்பாக்கட்டுக் கடை என்றார்கள். கடைக்கு முதலில் வைத்த பெயர் ஆனந்த விலாஸ். மக்கள் வாயில் வழங்கிய பெயர்தான் இன்று பெயர்ப்பலகையில் நிற்கிறது. எழுத்து வடிவத்தைவிடப் பேச்சு வடிவம் உறுதியாக நின்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சொல்லை வாக்கியத்தில் வாங்குங்கள். பழமொழியும் சொலவடையும் கேளுங்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" எல்லோருக்கும் தெரியும். பெருநஷ்டப்பட்டவனைத் "தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனான்" என்பார்கள். முண்டாசாகக் கட்டினால் உழைப்பு, விரித்துத் தலையில் போட்டுக்கொண்டால் இழப்பு. உங்கள் ஊரில் இதற்கு மேலும் இருக்கும்.

ஏழாம் படி: அட்டை எழுதும் முறை

ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. நோட்டில் வரிசையாக எழுதினால் பிறகு பிரிக்க முடியாது. என் அட்டை ஒன்றை அப்படியே தருகிறேன்:

சொல்: சும்மாடு. கேட்ட ஒலி: சும்மாடு (மகர ஒற்று அழுத்தமாக). வினை: கோலுதல். பொருள்: தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் துணி வளையம். துணி: கிழிந்த நூல் புடவையின் முந்தானைப் பகுதி, அது கிடைக்காதபோது வைக்கோல். சுமை: நெற்கட்டு, குடம். வாக்கியம்: "சும்மாடு சரியாகக் கோலாவிட்டால் கழுத்து நரம்பு இழுக்கும்." சொன்னவர்: பெண், எழுபது வயதுக்கு மேல், விவசாயக் கூலி வேலை செய்தவர். பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஒரே வட்டம். கேட்ட நாள், கேட்டவர் பெயர். குறிப்பு: பேத்திக்கு இந்தச் சொல் தெரியவில்லை.

கடைசிக் குறிப்பைத் தவறாமல் எழுதுங்கள். அந்த வீட்டிலேயே அடுத்த தலைமுறைக்குச் சொல் தெரியுமா, பொருள் தெரியுமா, செய்யத் தெரியுமா என்று மூன்றையும் தனித்தனியே கேட்கலாம். சொல் தெரிந்து செய்யத் தெரியாதவர்கள் இருப்பார்கள். செய்யத் தெரிந்து பெயர் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் புதிதாக வந்த இளம்பெண்கள் சிலர் "துணி வைத்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொன்னார்கள்.

எட்டாம் படி: எந்தப் பக்கம் எதற்குக் காது கொடுப்பது

கொங்கில் உருமாலும், சாக்கையோ கம்பளியையோ மடித்துப் போடும் கொங்காடையும் முதலில் கேட்க வேண்டியவை. ஈரிழைத் துண்டு என்ற பெயரையும் அங்கே விசாரியுங்கள். இரட்டை இழையில் நெய்தது என்று நெசவைச் சொல்லும் பெயர் அது.

தெற்கே நாஞ்சில் நாட்டில் துண்டின் பெயரே மாறுகிறது. அங்கே அது துவர்த்து. ஈரத்தைத் துவர்த்துவதால் துவர்த்து. மலையாளத்திலும் தோர்த்து என்பார்கள். தலையில் கட்டினாலும் பல வாய்களில் அது துவர்த்தாகவே இருக்கிறது. எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் கமுகம்பாளையில் செய்த பாளைத் தொப்பியும், கையால் பிடிக்காமல் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் ஓலைத் தொப்பிக்குடையும் வயல் வேலைக்காரர் தலையில் இருந்தன. இன்னும் வடக்கே துளு நாட்டில் பாளைத் தொப்பிக்கு முட்டாளெ என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி ஒலிக்கும்; துளுவர்களுக்கோ அது உழவனின் அடையாளம், பெருமை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தொகுப்பவர்கள் பாளையையும் ஓலையையும் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நீலகிரியில் படுகர் பெண்கள் தலையில் கட்டும் வெள்ளைத் துணியைப் பட்டு என்கிறார்கள். நம் பட்டுத்துணியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படுக மொழியில் தலைக்கு மண்டெ என்று பெயர். அங்கே தொகுப்பதானால் படுக மொழி பேசுகிறவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கு மாவட்டங்களில் முக்காட்டுக்கு முட்டாக்கு என்பது வழக்கு. இதைத் தலையணியாகக் கருத வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வெயிலில் களையெடுக்கும் பெண்ணின் தலையை மூடுவது முந்தானைதான். அவளுக்கு வேறு தொப்பி கிடையாது. கட்டாயம் எழுதுங்கள்.

இலங்கைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் கைக்குட்டைக்கு லேஞ்சி என்ற சொல் வழங்குகிறது. பானை உருளாமல் தரையில் வைக்கும் வளையத்தைத் திருகணை என்பார்கள். நம் பக்கத்துப் பிரிமணை. சும்மாடும் பிரிமணையும் வடிவில் இரட்டைப் பிள்ளைகள், ஒன்று தலையில் இருக்கும், ஒன்று தரையில் இருக்கும். ஒன்றைக் கேட்கும்போது மற்றதையும் கேட்டுவிடுங்கள்.

என் மனதை அதிகம் தொட்டது மலையகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுசெல்லப்பட்டன. அவர்களோடு கொங்காணி என்ற சொல்லும் மலையேறியது. நெல்வயலில் மழைக்குப் போட்ட சாக்கின் பெயர், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையை மூடும் கம்பளிக்கும் துணிக்கும் பெயராயிற்று. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் தொங்கும். கூடையின் முழுக் கனமும் அந்தக் கயிற்றின் வழியே தலையில் இறங்கும். கயிறு உச்சியை அறுக்காமல் இடையில் நிற்பது இந்தத் துணிதான். எங்கள் ஊரில் மழையைத் தாங்கிய சொல், அங்கே மழையோடு கயிற்றையும் தாங்கியிருக்கிறது. இடுப்பில் கட்டும் சாக்குக்குப் படங்கு என்று பெயர். மலையகத்தில் தொகுக்கிறவர்கள், சொல்லுகிறவரின் முன்னோர் எந்த மாவட்டத்திலிருந்து வந்தார்கள் என்று தெரிந்தால் அதையும் அட்டையில் சேருங்கள். கப்பலேறிய சொல்லின் வழித்தடம் அதில் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: வேர் தேடும்போது நிதானம்

சொல் கிடைத்ததும் அதற்கு வேர் சொல்லிவிட மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். துவாலையும் துவர்த்தும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. இரண்டும் உடம்பு துடைக்கும் துணிதான். ஆனால் துவாலை போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது, துவர்த்து நம் வினைச்சொல். லேஞ்சியும் போர்த்துகீசியம். உருமால், குல்லா இரண்டும் பாரசீக வழி வந்தவை. உருமால் அந்த மொழியில் முகம் துடைப்பது என்ற பொருள் கொண்டது. துடைக்க வந்த துணி நம் ஊரில் தலைக்கு ஏறி, கல்யாணச் சீர் வரைக்கும் போய்விட்டது. முண்டாசு கன்னடத்திலும் மராத்தியிலும் உண்டு. ஆகவே நம் ஊருக்கு மட்டும் உரியதென்று உரிமை கொண்டாட முடியாது. பிறமொழிச் சொல் என்று தெரிந்ததும் அட்டையைக் கிழித்துவிடுகிற தூய்மைவாதிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த உழவரின் பாட்டனும் அதைத்தான் சொன்னார், அது போதாதா?

சும்மாட்டின் கதை வேறு. பெரும்பாணாற்றுப்படையில் ஆயர்குலப் பெண் ஒருத்தி விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் வைத்து விற்கப் போகிறாள். "புகர்வாய்க் குழிசி பூஞ்சுமட்டு இரீஇ" என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். குழிசி என்பது பானை. சுமடு என்பது நம் சும்மாடு. பூஞ்சுமடு, மெல்லிய சும்மாடு. மலையாளத்தில் சுமட்டுக்குச் சுமை என்றே பொருள். தலைவளையம் அங்கேயும் சும்மாடுதான். சங்கப் பாட்டில் மோர் விற்றவளின் தலையில் இருந்தது இன்றைக்குச் சித்தாளின் தலையில் இருக்கிறது. இந்த வரியை நான் ஒருமுறை கூலி வேலைக்குப் போகும் பெண்களிடம் படித்துக் காட்டினேன். "பாட்டிலேயே இருக்கிறதா?" என்று ஒருவர் தன் துணியை எடுத்துப் பார்த்தார்.

சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் இடங்களிலும் கவனம் தேவை. தலைக்கட்டு என்றால் தலையில் கட்டியது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்று தண்டும்போது அது குடும்பக் கணக்கு. இரண்டையும் ஒரே அட்டையில் போட்டுவிடாதீர்கள்.

பத்தாம் படி: சரிபார்த்து, திருப்பிக் கொடுங்கள்

ஒரு சொல்லை ஒருவர் மட்டும் சொன்னால் பென்சிலால் எழுதுங்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேர் சொன்ன பிறகு பேனாவால் எழுதலாம். ஒருவர் மட்டும் சொன்னதைத் தூக்கியெறிய வேண்டாம். அவர் கடைசி ஆளாக இருக்கக்கூடும். அட்டையில் "ஒருவர் வாய்" என்று குறித்து வையுங்கள்.

பிறகு ஊர்களை வரைபடத்தில் குறியுங்கள். சொல்லுக்கு ஒரு நிறம். இருபது ஊர் முடிந்ததும் ஆற்றங்கரை, மலை, பழைய சந்தை வழி ஆகியவற்றை ஒட்டி நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். தலைச்சுமைக்காரர்கள் நடந்த வழிகளில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. உதவிக்கு ஆள் இல்லாமலே சுமையை இறக்கி ஏற்றிக்கொள்ள நிறுத்தியவை. பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாகப் பலவற்றை நட்டார்கள். அந்தக் கற்கள் இருக்கும் ஊர்களையும் வரைபடத்தில் குறிக்கலாம். சும்மாட்டோடு மனிதர்கள் நடந்த தடம் அவை.

தொகுப்பு ஓரளவு சேர்ந்ததும் தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றலாம், யாரும் பங்களிக்கலாம். வட்டாரப் பெயரையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். படம் போடுவதானால் கையும் துணியும் மட்டும் தெரியும்படி எடுங்கள். முகம் வேண்டுமென்றால் அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஏற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. அட்டைகளை எடுத்துக்கொண்டு அதே திண்ணைக்குப் போங்கள். சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லவில்லை, இப்படிச் சொன்னேன்" என்று திருத்துவார்கள். "அதைச் சொன்னேன், இதை விட்டுவிட்டேனே" என்று புதிதாக ஒன்று தருவார்கள். அதற்காகவே ஒவ்வொரு அட்டையின் அடியிலும் நான்கு வரி காலியாக விட்டுவையுங்கள். என் சும்மாட்டு அட்டையில் அந்த நான்கு வரியும் நிரம்பி, இப்போது பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.